என் தங்கையின் முகத்தில் விழுந்த பச்சை

தங்கை தன் கல்யாணப் படங்களுக்குத் திருப்பதியிலிருந்து ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னபோது நான் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயே ஹாஸ்டலில் தங்கி, லீவு கிடைக்கும் ஞாயிறுகளில் சித்தூரில் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அன்றும் வந்திருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. போட்டோவுக்கு வேற ஆள் சொல்லிட்டேன்.”

எனக்குத் தொழிலே போட்டோதான். சித்தூர் பஜாரில் என் கணவர் வைத்திருக்கும் செல்போன் ரிப்பேர் கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் ஸ்டூடியோ நடத்துகிறேன். எங்கள் சொந்தத்தில் காதுகுத்து, சீமந்தம், கல்யாணம் என்று எது நடந்தாலும் கேமராவோடு நிற்பவள் நான். என் சொந்தத் தங்கை கல்யாணத்தில் வேறொருத்தி நிற்கப்போகிறாள்.

“யாருடி?” என்றேன்.

“திருப்பதியில ஒரு பொண்ணு கீறாங்க இல்ல, நீ கூட தெனம் அவங்க போட்டோவெல்லாம் பாத்துக்கினு இருப்பியே, அவங்கதான்.”

நான் பார்ப்பது இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் முதலில் சுருக்கென்றது.

“ஏன், நான் இன்னா செத்தா பூட்டேன்?”

அவள் நிமிர்ந்தாள். “நீ எடுத்தா நான் பச்சையா கீறேன் அக்கா.”

அவள் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு ஒரு சாட்சியும் இருந்தது. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, பெண் வீட்டார் அனுப்ப வேண்டிய படத்தை நான்தான் எடுத்தேன். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்போம், கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மாந்தோப்பில், நல்ல நிழலாகப் பார்த்து, அடர்ந்த மரத்தடியில் நிற்க வைத்து எடுத்தேன். படம் புத்தூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து எங்கள் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, “தப்பா எடுத்துக்காதீங்க, பொண்ணுக்குக் காமாலை எதுனா வந்துச்சா?”

நேரில் வந்து பார்த்த பிறகு எல்லாம் சரியாயிற்று. மாப்பிள்ளைக்கும் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துத் தொழிற்சாலையிலேயே வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் காமாலை என்ற சொல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. நான் கேமராவைத் தூக்கினாலே யாராவது ஒருவர், “ஏய், காமாலை வரப்போது, ஓடுங்கடா” என்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமர நிழல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அங்கே வருவது சும்மா வெளிச்சம் இல்லை. இலைகளில் வடிகட்டி வந்த வெளிச்சம். கீழே புல் இருந்தால் அதுவும் தன் பங்குக்குத் தாடைக்கடியில் பச்சையை அடிக்கும். நம் கண் அதைச் சரிசெய்து பார்த்துக்கொள்கிறது. கேமரா அப்படிப் பார்ப்பதில்லை. நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பச்சையைக் குறைப்பேன். குறைத்தால் முகம் சற்றுத் தேறும். ஆனால் வெள்ளை ரவிக்கை ரோஜா நிறத்துக்குப் போய்விடும், பல்லுகூட ரோஜாவாகிவிடும். பல்லைச் சரிசெய்தால் கழுத்தில் பச்சை எட்டிப் பார்க்கும். கடைசியில் சலித்துப்போய், மொத்த முகத்தையும் வெளுக்க வைத்துவிடுவேன். வாடிக்கையாளர்களுக்கும் அதுதான் வேண்டும். தமிழ் பேசுகிறவர்கள், “கொஞ்சம் கலரா எடும்மா” என்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள், “தெல்லகா ராவாலி” என்பார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், வெள்ளையாக்கு. என் தங்கை நல்ல கருப்பு. கருப்பை வெளுக்கவைத்து, அதில் மிச்சப் பச்சையும் சேர்ந்தால் என்ன ஆகும்? காமாலைதான் ஆகும்.

அந்தத் திருப்பதிக்காரியின் படங்களை நான் முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளர் காட்டித்தான். திருமலைக்கு வந்து மொட்டை போட்டுக்கொண்ட ஒரு குடும்பத்தை அவள் எடுத்திருந்தாள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான்கு மொட்டை. மொட்டைத் தலையை வெளியில் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே வானம் இருந்தால் மண்டை நீலமாக மின்னும். பக்கத்தில் காவித் துணி இருந்தால் காதுக்கு மேலே காவி ஏறும். இந்தப் படத்தில் நான்கு தலையும் தலை மாதிரியே இருந்தன. சந்தனம் சந்தனமாக இருந்தது, தோல் தோலாக இருந்தது. நான் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, எங்காவது ஒரு தப்பு கிடைக்குமா என்று தேடினேன். சின்னப் பிள்ளையின் காதுமடலில்கூட ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் போடும் ஒவ்வொரு படத்தையும் பார்த்தேன். காலையில் எழுந்ததும் பார்ப்பேன். அவளை நேரில் பார்த்ததில்லை, ஆனால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திருப்பதியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கர்யம் செய்யும் தமிழ்க் குடும்பம், சொந்த வீடு, படித்த அப்பா. ‘நல்ல லென்ஸ் வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தா நானுந்தான் எடுப்பேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் இயல்பிலேயே சிவப்பு, அதனால்தான் படம் நன்றாக வருகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் அவள் மீன் விற்கும் ஒரு அம்மாவை எடுத்துப் போட்டாள். கரிய நெற்றியில் வியர்வை, அந்தக் கருப்புக்குள் செம்பும் காப்பியும் கலந்தமாதிரி ஒரு நிறம். அதைப் பக்கத்துப் பாதியிலிருந்து எட்டிப் பார்த்து என் கணவர் சொன்னார்.

“இன்னா சோக்கா கீது! இவ எடுத்தா தோலு தோலாவே கீது, பாரு.”

“அப்ப நான் எடுத்தா?”

அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர் பாதிக்குப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு சந்திரகிரிப் பக்கம் என்று முடிவாயிற்று. பெண்ணோடு துணைக்கு ஒருவர் போக வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. “நீதான் போய்ட்டு வாயேன்” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

போக மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு போகாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது. அவள் எப்படி எடுக்கிறாள் என்று நான் பார்த்தாக வேண்டும். அதைவிட, அவள் எங்காவது தடுமாறுவாள், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் உள்ளுக்குள் இருந்த ஆசை. அவள் முன்னால் சோடை போகக் கூடாது என்று, தீபாவளிக்கு எடுத்து இன்னும் கட்டாத கிளிப்பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். அகலச் சரிகை. ஸ்டேஷனில் என்னைப் பார்த்த தங்கை, “கல்யாணம் உனக்கா எனக்கா?” என்றாள்.

படம் எடுக்க வந்த அந்தத் திருப்பதிப் பெண் என்னைவிடச் சின்னவள். ஒல்லி. சாம்பல் நிறத்தில் வெளுத்துப்போன ஒரு சட்டை, கருப்புப் பேன்ட், நகையே இல்லை. அவ்வளவு சம்பாதிக்கிறவள் இப்படியா வருவாள், எங்களைப் பார்க்க இது போதும் என்று நினைத்துவிட்டாளோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது. என் தங்கை, “இது எங்க அக்கா, இவங்களும் போட்டோகிராபர்தான்” என்று அறிமுகம் செய்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படியா! ரொம்ப சந்தோஷம் அக்கா” என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்டமாதிரி இருந்தது.

மலையடிவாரத்தில் ஒரு குளக்கரை. ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் புல், பின்னால் ஒரு மாந்தோப்பு. மாந்தோப்பைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குதூகலம். வா மகளே, எங்கள் ஊர் மாமரத்துக்கு வா, அப்புறம் பார்க்கலாம்.

அவள் தோப்புக்குள் போகவே இல்லை. தோப்பின் விளிம்பில், கடைசி மரத்தின் நிழல் முடியும் இடத்தில் தங்கையையும் மாப்பிள்ளையையும் நிறுத்தினாள். மரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால். முகம் திறந்த வெளியைப் பார்த்தமாதிரி. வெயில் அவர்கள் மேல் படவில்லை, ஆனால் எதிரே இருந்த வெளிறிய பாறைச் சரிவிலிருந்து வெளிச்சம் முகத்துக்கு வந்தது. காலடியில் இருந்த புல்லின்மேல் ஒரு பழைய வெள்ளைப் படுக்கைவிரிப்பைப் படத்தில் வராத அளவுக்குக் கீழே விரித்தாள். சாம்பல் நிற அட்டை ஒன்றைத் தங்கை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்தாள். கேமராவுக்கு இதுதான் நடுநிலை நிறம் என்று சொல்லிக்கொடுக்க அது. அந்த அட்டை என்னிடமும் இருக்கிறது. வாங்கியபோது பிரித்ததோடு சரி.

நான் அவள் கேமராவின் பின்திரையைப் பார்க்க வேண்டும் என்று மெல்ல மெல்ல நெருங்கினேன். தங்கையின் முந்தானையைச் சரிசெய்வதுபோல ஒரு தடவை போனேன். பூவைச் சரிசெய்வதுபோல இன்னொரு தடவை. பிறகு அங்கேயே, தங்கையின் வலது பக்கம் ஒட்டினாற்போல் நின்றுகொண்டேன். அந்தப் பெண் படம் எடுத்தாள், திரையைப் பார்த்தாள், புருவத்தைச் சுருக்கினாள். அட்டையை மறுபடி வைத்து எடுத்தாள். மறுபடி சுருக்கினாள். என் நெஞ்சு துள்ளியது. மாட்டிக்கொண்டாள்!

அவள் கேமராவை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்கோ. கொஞ்சம் தள்ளி நிக்கறேளா? உங்க புடவையோட பச்சை அவா கன்னத்துல விழறது.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். தங்கை சிரிக்கவில்லை. அவள் என் புடவையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்துக்கொண்டாள். நான் நடந்துபோய்க் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். காது இரண்டும் சுட்டன. அவள் ஏன் சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு வருகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எத்தனை வருடமாகக் கேமரா பிடிக்கிறேன், நான் கட்டியிருக்கும் துணியின் நிறம் எதிரில் நிற்கிறவர் முகத்தில் விழும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. வெயில் நாளில் கருஞ்சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு எத்தனை மணப்பெண்களுக்கு நெருக்கத்தில் போய் நின்றிருக்கிறேன்!

படிக்கட்டிலிருந்து பார்த்தேன். அவள் என் தங்கையிடம் என்னவோ சொன்னாள். தங்கை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அவளுடைய சின்ன வயதில் பார்த்ததோடு சரி. என் கேமரா முன்னால் அவள் உதட்டை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காட்டாமல்தான் நிற்பாள். நான், “ஒயுங்கா நில்லுடி, சிரி, ஏன் மூஞ்ச இப்டி வெச்சிக்கினு கீற” என்று கத்துவேன். இவள் கத்தவில்லை. அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு முன்னால் நிறம், லென்ஸ், வீடு எல்லாம் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருத்திக்கு என் தங்கை இப்படிச் சிரிக்கிறாளே.

சாயங்காலம் ரயிலில் திரும்பினோம். பாகாலாவில் வண்டி நின்றபோது தங்கையின் போனுக்கு முதல் சில படங்கள் வந்தன. அவள் தானாகக் காட்டவில்லை. நான் கையை நீட்டினேன்.

தங்கை கருப்பாகவே இருந்தாள். அவ்வளவு அழகான கருப்பு. கன்னத்தில் செம்மண்ணின் சூடு லேசாக, கண்ணுக்கடியில் நிழல் நிழலாகவே. புடவையின் கத்திரிப்பூ நிறம் கத்திரிப்பூவாகவே. எங்கேயும் வெளுக்க வைக்கவில்லை.

“எப்டி கீது?” என்றாள் தங்கை.

“நல்லா கீது,” என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறுகளில் என் கணவர்தான் கஷ்டப்பட்டார். அவரை அழைத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில், பள்ளிக்கூடச் சுவரோரம், நீலத் தார்ப்பாய் கட்டிய டீக்கடை முன்னால், செங்கல் சூளைக்குப் பக்கத்தில் என்று நிற்க வைத்து எடுத்தேன். அந்த அட்டையைப் பிரித்து முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். ஒரே முகத்தில் நெற்றி வானத்தின் நீலத்தோடும் தாடை புல்லின் பச்சையோடும் இருந்தால், கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் தள்ளினாலும் மற்றொன்று கெடும் என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். வந்த பிறகு நீக்குவதைவிட, வருவதற்கு முன்னால் ஆளை இரண்டடி நகர்த்துவது சுலபம். அவள் செய்ததெல்லாம் அதுதான். எனக்கு அதைக் கற்றுக்கொண்ட சந்தோஷம் வரவில்லை. ஒவ்வொரு தடவை படம் சரியாக வந்தபோதும், இது அவளுடையது, நான் திருடியது என்ற எரிச்சல்தான் வந்தது.

“எம்மே, வெயில்ல நிக்க வெச்சே என்னைக் கருக்கிட்ட,” என்றார் கணவர். “போதும், உடு. அவ அவதான், நீ நீதான்.”

“அப்டின்னா?”

“நான் இன்னா சொல்லிட்டேன் இப்ப?” என்று அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை நலங்கு. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் ஊரில், நைனா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நான் போனபோது கட்டி முடித்துவிட்டிருந்தார்கள். ரோஜா நிறத் துணியும் மஞ்சள் துணியும் மாற்றி மாற்றி வைத்துத் தைத்த மெல்லிய கூரை. மேலே நல்ல வெயில். பந்தலுக்குள்ளே எல்லோரும் பாதி ரோஜாவும் பாதி மஞ்சளுமாக இருந்தார்கள். என் அம்மா ரோஜா. நைனா மஞ்சள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவருக்கு மூக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

திருப்பதிக்காரி வந்தாள். அதே சாம்பல் சட்டை. உள்ளே நுழைந்ததும் மேலே அண்ணாந்து பார்த்தாள். நான் நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டு காப்பியோடு உட்கார்ந்தேன்.

இந்தமாதிரிப் பந்தல்கள் அவளுக்குப் பழக்கம் இல்லை; பார்த்த உடனே தெரிந்தது. அவள் வேலை செய்வது திருப்பதி மண்டபங்களில், மலையடிவாரத்தில். மணையை நடுவில் போட்டுப் பார்த்தாள். ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். வெளியே கொண்டுவரலாமா என்றாள். பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, பெண்ணை வெயிலில் உட்கார வைக்கக் கூடாது என்றார்கள். அட்டை வைத்து எடுத்தாள். நெற்றி சரியானால் கன்னம் போயிற்று. மஞ்சள் பூசிய முகம் வேறு. அவள் கழுத்தில் வியர்த்தது. காப்பி அன்றைக்கு ரொம்ப ருசியாக இருந்தது.

அப்புறம் அவள் நேராக என்னிடம் வந்தாள். முட்டிபோட்டு என் நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அக்கா, இந்தப் பந்தல்ல நீங்க எப்படி எடுப்பேள்? எனக்கு ஒண்ணும் பிடிபடலை.”

சுற்றிலும் சொந்தக்காரர்கள். எல்லோர் காதிலும் விழும்படிதான் கேட்டாள். நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். பச்சை பச்சையாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேனே தவிர, இன்னொருத்தியிடம் போய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது. அதைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த மணையில் மஞ்சளும் பூவுமாக உட்கார்ந்திருந்தது என் தங்கை. ரோஜா நிற மூக்கோடு.

“அவளுக்கு நேரா மேல கீற துணிய மட்டும் அவுக்கணும்,” என்றேன். “அந்த எடத்துல வெள்ள வேட்டி கட்டணும். ரெண்டு வேட்டி போதும். பக்கவாட்டுல வீட்டுச் செவுரு வெள்ளையாத்தான் கீது, அந்தப் பக்கம் மூஞ்ச திருப்பி உக்காரவை.”

“யாரு அவுப்பா?”

நான் எழுந்தேன். நைனாவின் பெட்டியில் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டிகள் இருந்தன. “ஏய், இன்னா பண்ற, நாளைக்கிக் கட்டணும் அது” என்று நைனா பின்னாலேயே வந்தார். பந்தல் போட்டவர் முதலில் முடியாது என்றார். என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். வெள்ளை வேட்டிகள் வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கியது. தங்கையின் முகத்தில் மஞ்சள் பூசிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது, மற்ற இடமெல்லாம் அவளுடைய நிறம்.

அந்தப் பெண் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, “அக்கா, பிரமாதம்!” என்றாள். அதற்கு மேல் அவளுக்கு நேரம் இல்லை. நான் அன்றைக்குத் தெரிந்தே ஒரு வெளிறிய புடவைதான் கட்டியிருந்தேன். இருந்தும் தள்ளியே நின்றேன்.

ஆல்பம் வந்தபோது அட்டைப்படமாக வந்தது அந்த நலங்குப் படம்தான். அத்தை, சித்தி, மாப்பிள்ளையின் அம்மா எல்லோரும் அதைத்தான் தடவித் தடவிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “என் மருமவள இப்பத்தான் போட்டோவுல ஒயுங்கா பாக்கறேன்” என்றார். திருப்பதிப் பெண்ணின் கைராசியைப் பற்றிப் பேச்சு போயிற்று. வேட்டியைப் பற்றி யாருக்கும் நினைவு இல்லை. அது நைனாவின் நினைவில் மட்டும், கசங்கிப் போனதாக இருந்தது.

தங்கையும் நானும் தனியாக இருந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

“அந்தப் படத்துக்கு மேல வேட்டி கட்டச் சொன்னது நான்தான், தெரியுமா?”

“அப்டியா?” என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். “இத்தப் பாரேன், மாமா இதுல தூங்கிக்கினு கீறாரு.”

அவ்வளவுதான். நானும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தேன். என் கணவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் படத்திலும் நிறம் சரியாகவே இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பெண் என்னை விடவில்லை. கிராமத்துக் கல்யாணம் வந்தால் போன் செய்து கேட்பாள். நானும் சொல்வேன். சில வேலைகளை என் பக்கம் அனுப்பினாள். நன்றி சொன்னேன். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் படங்களைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, தப்புத் தேடுவதை நான் நிறுத்தவில்லை. இன்றைக்கும் நிறுத்தவில்லை.

சமீபத்தில் அவளே திருப்பதிக்குக் கூப்பிட்டாள். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள், படம் வேண்டும்.

“உங்க ஊர்ல வேற ஆளே இல்லியா?” என்றேன்.

“இருக்கா. எனக்கு நீங்க எடுத்தாத் தேவலை. மத்தவா எடுக்கறச்சே நான் அவாளைத் திருத்திண்டே இருப்பேன், சண்டை வந்துடும்.”

போனேன். இளங்காலையில் கபிலதீர்த்தத்தைத் தாண்டி மலையோரம் நடந்தோம். மரங்களுக்கு நடுவில் ஒரு கல் மண்டபம், மழையில் கருத்து, நிறமே இல்லாத நிறத்தில் இருந்தது. அதன் விளிம்பில் அவளை உட்கார வைத்தேன். அவள் மாம்பழ நிறத்தில் புடவை கட்டியிருந்தாள். நான் சாம்பல் நிறச் சுடிதார். அட்டையை நீட்டியதும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள். ஆனால் கேமராவை உயர்த்தியதும் அவள் முகம் இறுகிவிட்டது. உதட்டை மூடிக்கொண்டாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் என் தங்கை மாதிரியே முகத்தை வைத்துக்கொள்ள வருகிறது.

நான் கத்தவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். என் தங்கைக்குக் காமாலை வந்த கதையைச் சொன்னேன். இதுவரை அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. “பொண்ணுக்குக் காமாலை வந்துச்சா” என்று மாப்பிள்ளையின் அம்மா குரலிலேயே சொன்னபோது அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எடுத்தேன்.

திரையில் பார்த்தோம். புடவையின் மஞ்சள் தாடையில் லேசாக ஏறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் முந்தானையை இறக்கிக்கொள்ளப் போனாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அது அவளுடைய புடவை, அவளுடைய முகம், நன்றாகத்தான் இருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“எங்கம்மா மாதிரி இருக்கேன்,” என்றாள். அவளுடைய அம்மா இப்போது உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். பஸ்ஸில் திரும்பும்போது கேமராத் திரையில் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் தங்கையை நான் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. என் கையால் வந்த முதல் நல்ல முகம் இவளுக்குப் போய்விட்டதே என்று இருந்தது. சித்தூர் வந்ததும் கம்ப்யூட்டரில் எதையும் தொடாமல் அதை அவளுக்கு அனுப்பினேன். பிறகு தங்கைக்குப் போன் செய்து, வரும் ஞாயிறு லீவு இருக்கிறதா என்று கேட்டேன்.

“எதுக்கு?” என்றாள்.

“உன்னை ஒரு போட்டோ எடுக்கணும்.”

“தோப்புக்கா?” என்றாள்.

“தோப்புக்கு இல்ல,” என்றேன்.